அஞ்சு புடவை தூரம்

ஜூலை 7, திங்கள்

காற்று. காலையிலிருந்து புழுதி. கதவைச் சாத்தினால் வேக்காடு, திறந்தால் சோற்றில் மண். குழாயில் ஏழு குடம் கிடைத்தது.

பாப்பாவுக்கு இன்று ஒரு வயது. கேக் வாங்கவில்லை. மாப்பிள்ளை மில்லிலிருந்து போனில் கூப்பிட்டார். பாப்பா காதில் வைத்தேன், போனை நக்கியது. ஸ்டெல்லா இருந்தால் கவுன் எடுத்திருப்பாள். பெற்ற பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் போனாள் என் மூத்தவள். ஆக, வருசப் பூசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

செய்ய வேண்டியது
– பூசைக்குப் பேர் எழுதிக் கொடுக்க. 19 சனி, காலை ஆறு மணிப் பூசை
– மெழுகுவத்தி, பூ
– கல்லறையில் புல் வெட்ட ஆள்
– பாப்பா மருந்து (சளி)

இளையவள் ஜெனி காலேஜிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. அவர்கள் சாஃப்ட்பால் டீமில் ஷார்ட் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்துவிட்டதாம், போய்விட்டாள். இனி அங்கே ஜெனி நிற்க வேண்டும் என்று பி.டி. மேடம் சொல்கிறாராம். ஜெனி காலேஜ் சேர்ந்ததிலிருந்து நிற்பது செகண்ட் பேஸில்.

எனக்கு இது என்ன வித்தியாசம் என்று புரியவில்லை. சோற்றுப் பருக்கையை வைத்துக் காட்டினாள். நாலு மூலை. மட்டையால் அடித்தவள் முதல் மூலைக்கு ஓடுவாள். அவள் போய்ச் சேருவதற்குள் பந்தைப் பொறுக்கி அந்த மூலைக்கு எறிந்துவிட வேண்டும். ஜெனி இப்போது நிற்பது முதல் மூலைக்குக் கிட்ட. ஷார்ட் ஸ்டாப் என்றால் எதிர்ப்பக்கம், தூரம். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதாம்மா, ஆனா கை வேணும் என்றாள்.

18ஆம் தேதி யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். செகண்ட் பேஸுக்கு வேறு காலேஜில் பெரிய ஆட்டக்காரி இருக்கிறாளாம். ஷார்ட் ஸ்டாப்தான் காலி. எடுத்துவிட்டால் 20ஆம் தேதியிலிருந்து மூன்று வாரம் கேம்ப், அப்புறம் வெளி மாநிலம்.

மூன்று வாரம். அதற்கப்புறம் வெளி மாநிலம். பாத்திரம் கழுவும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஜூலை 8, செவ்வாய்

அதே காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு ஓட்டில்.

லைன் வீட்டில் எல்லாருக்கும் ஜெனி விசயம் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டு ஆட்டோ முருகேசன் மகள் கவிதாவும் அதே டீம்தான், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கிறாள். அதாவது ஜெனி எறிகிற பந்தைப் பிடிக்கிறவள்.

முருகேசன் கிரிக்கெட் ஆடிய காலத்துக் கதையெல்லாம் எடுத்தார். எந்த இடமானால் என்ன, பந்து வரும் முன் கால் போனால் போதும், ஜெனிக்குக் கால் இருக்கிறது என்றார். கவிதா குழாயடியில் இருந்தே, “காலு இருக்கட்டும்ப்பா, பிடிக்கப் போறது நான். ஏ ஜெனி, நீ அங்கிருந்து எறிஞ்சா பந்து வர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவேன்.” எல்லாரும் சிரித்தார்கள். ஜெனியும். அவள் சிரித்து ரொம்ப நாள்.

நானும் பேச்சில் போய் விழுந்தேன். முடியும், பழகினால் வந்துவிடும் என்றேன். எனக்கு என்ன தெரியும். வெங்காயப்பேட்டையில் பதினாலு வருசம் பெருசு சிறுசு பிரித்தவள்.


ஜூலை 10, வியாழன்

நேற்று எழுதவில்லை. பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. மாதுளம் தோல் தண்ணீர் கொடுத்தேன், நின்றது.

சாயங்காலம் அளந்தோம். ஜெனி அடிக்கணக்கு சொன்னாள். எங்களிடம் டேப் இல்லை. என் புடவையை எடுத்து வந்து வீட்டுக்கு வெளியே கிடங்குச் சுவர் ஓரமாக விரித்து, மடக்கி, திரும்ப விரித்து. ஒரு முனையில் கவிதா, ஒரு முனையில் நான், இடுப்பில் பாப்பா.

செகண்ட் பேஸிலிருந்து எறிகிற தூரம் – இரண்டரைப் புடவை.
ஷார்ட் ஸ்டாப் – நாலரை.
பந்து ஓரத்தில் போனால் – அஞ்சு.

நாலரைக்கும் அஞ்சுக்கும் சுவரில் கரிக்கோடு போட்டோம். கிடங்குக்காரர் பார்த்தால் கத்துவார்.

அஞ்சு புடவையிலிருந்து இருபது பந்து எறிந்தாள். நேராகக் கவிதா கைக்குப் போனது ஆறு. மற்றதெல்லாம் தரையில் குத்திப் போனது. ஒன்று கவிதா தாடையில் பட்டது. ஐஸ் வைத்தோம். நாளைக்கு நாற்பது எறி என்றேன். ஜெனி தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

சோற்றுக்கு வெஞ்சனம் ஒன்றும் செய்யவில்லை. ரசம், அப்பளம்.


ஜூலை 12, சனி

வெயில். சிறுமலைப் பக்கம் மட்டும் மேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை.

காலேஜ் மைதானத்துக்குப் போனேன், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு. கல்லறைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் தவிர ஒரு வருசத்தில் வேறு எங்கும் போகவில்லை. வேப்ப மரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். பாப்பா மண்ணைத் தின்றது.

மேடம் சின்ன வயசுதான். விசில் கழுத்தில். என்னிடம் வந்து நின்று பேசினார். ஜெனிக்குக் கண் நல்ல கண், அடிக்கிறவள் தோளைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று தெரிந்துகொள்வாள், அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்றார். கை மட்டும்தான் குறை. ஆறு மாசம் இருந்தால் கையை ஏற்றிவிடலாம், ஆறு நாள்தான் இருக்கிறது என்றார்.

ஆறு நாளில் முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம் என்றார். முருகேசன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, கிட்ட வந்து நிற்கட்டும், தூரம் குறையும் என்று யோசனை சொன்னார். கிட்ட வந்தால் பந்து தாண்டிப் போய்விடும் என்றார் மேடம். கவிதா, தேர்டு பேஸில் நிற்கிற சரண்யாவுக்குக் கை உண்டு, அவளை நகர்த்தலாம் என்றாள். சரண்யா குனிய மாட்டாளே என்றது இன்னொரு பிள்ளை. அரை மணி நேரம் இதே பேச்சு. ஜெனி தள்ளி உட்கார்ந்து ஷூவுக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மேடத்திடம் சொன்னேன், “எப்பிடியாச்சும் அவள எடுத்துருங்கம்மா.” ஒரு மாதிரியாகப் பார்த்தார். சரி என்றார்.


ஜூலை 13, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். பாப்பா அழ, வெளியே நின்றேன்.

மதியம் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வேடசந்தூரிலிருந்து வந்தார்கள். பால்மாவு இரண்டு டப்பா, பிஸ்கட், பாப்பாவுக்குக் கொலுசு. கோழி அடித்தேன். மாப்பிள்ளை பாப்பாவோடு உட்கார்ந்துவிட்டார். பாப்பா கொலுசைக் கழற்ற, அவர் போட, திரும்பக் கழற்ற. நல்ல மனுசன். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தியம்மா ஆரம்பித்தார்.

“வருசம் திரும்பிருச்சு மதினி. பூச முடிஞ்ச கையோட சாமியார்கிட்ட போயி ஜெனிக்கும் இவனுக்கும் ஓலைக்குப் பேரு குடுத்துருவோம். பிள்ள இங்க பாதி அங்க பாதின்னு எம்புட்டு நாளைக்கு அலையும்?”

வாசலில் இருந்த முருகேசன், ஆடி பிறந்துவிடுமே என்றார். நமக்கேது தம்பி ஆடி என்றார் சம்பந்தி.

பங்குச் சாமியார் முன்னால் பையனும் பெண்ணும் போய்ச் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். அப்புறம் தாலி. ஜெனி ஊரில் இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் ஓலை இல்லை. திங்கள்கிழமையிலிருந்து என் கணக்கு இதுதான்.

சொன்னேன், ஜெனிக்கு விளையாட்டில் கேம்ப் வரும் போலிருக்கிறது, வந்த பிறகு பார்க்கலாம் என்று. சம்பந்தி, கிடைத்தால்தானே, பார்ப்போம் என்றார்.

கிடைக்காவிட்டால் என்னிடம் வேறு பேச்சு இல்லை. ஏன் இல்லை என்றால், போன வருசம் முப்பதாம் நாள் பூசை முடிந்து, சொந்தமெல்லாம் பந்திக்கு உட்காரும் முன், நான்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ஜெனி மடியில் வைத்தேன். சம்பந்தியைப் பார்த்துக்கொண்டே வைத்தேன். எங்கள் சனத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஜெனிக்கு மட்டும் தெரியாது. பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை என்று கையை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி எழுந்து வந்து அவள் நெற்றியில் சிலுவை போட்டார். முடிந்தது.

கை வலித்தது, வைத்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே எழுதுகிறேன். நினைத்துத்தான் வைத்தேன். பிள்ளை போய்விடக் கூடாது என்று. ஸ்டெல்லாவில் மிச்சம் இது ஒன்றுதான் என்று.

அவளுக்கு அன்றைக்குப் பதினேழு.


ஜூலை 14, திங்கள்

முப்பத்தெட்டு எறி. நேராகப் போனது பதினொன்று. தைலம் தேய்த்துவிட்டேன். தோள் வீங்கியிருக்கிறது. நாளைக்கும் எறி என்றேன்.

காஸ் தீர்ந்தது. முருகேசன் வீட்டு அடுப்பில் சோறு.


ஜூலை 15, செவ்வாய்

லேசாகத் தூறல், புழுதி அடங்கியது.

பாப்பா இன்று ஜெனியைப் பார்த்து “ம்மா” என்றது. ரெண்டு தரம். நான் அடுப்பில் இருந்தேன், திரும்பவில்லை. ஜெனி பாப்பாவைப் பாயில் இறக்கிவிட்டு வெளியே போய்ச் சுவரில் பந்து அடித்தாள். டப், டப் என்று ரொம்ப நேரம். கிடங்குக்காரர் வந்து கத்தினார்.

உள்ளே வந்ததும் நான் வேறு. ஏன் சுவரில் அடிக்கிறாய், கோட்டிலிருந்து எறியலாமே, மூன்று நாள்தானே இருக்கிறது என்று. அதற்குத்தான் கேட்டாள்.

“நான் எங்க நின்னா ஒனக்கென்னம்மா? ஏன் இம்புட்டு அவசரம்?”

சொல்லிவிட்டேன். கேம்ப், கையெழுத்து, ஓலை, எல்லாம். நீ இங்கே இல்லாவிட்டால் பேச்சு தள்ளிப் போகும், தள்ளிப் போனால் ஆறிவிடும் என்று. அவளுக்கு நல்லது செய்கிற மாதிரித்தான் சொன்னேன்.

பந்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள், கத்தவில்லை.

“அப்ப நீ மாட்டேன்னு சொல்லாம இருக்குறதுக்கு நான் போயி அங்க நிக்கணும்.”

விளக்கை அணைத்தேன். ஒற்றை அறை. அவள் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்தாள், நான் இந்தச் சுவரை. நடுவில் பாப்பா காலை இவள் மேலும் கையை என் மேலும் போட்டுத் தூங்கியது.

மடியில் வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு முன்பே தெரியும். பங்குனி மாசமே அவள் சித்தி மகள் கேலி பண்ணும்போது சொல்லிவிட்டாளாம். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். “நீ அழுதுக்கிட்டே இருந்த, எப்பக் கேக்க?”


ஜூலை 16, புதன்

பால் திரிந்துவிட்டது.

ஜெனி மைதானத்தில் நின்று மேடத்திடம் சொல்லிவிட்டாள். கவிதா வந்து அப்படியே நடித்துக் காட்டினாள். பத்துப் பந்து ஷார்ட் ஸ்டாப்பில் நின்று பார்த்திருக்கிறாள். அப்புறம் கிளவுஸைக் கழற்றி, “மேடம், என்னால இங்க நிக்க முடியல. கை எட்டல. செகண்டுல நிக்கிறேன்” என்றாளாம்.

மேடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். “சரி, போன்னாங்க.”

வேறு?

“வேற என்ன, அம்புட்டுத்தான். சரண்யாவ ஷார்ட்ல போட்டாங்க.”

திட்டவில்லையா. இல்லை. செலக்‌ஷன் போகுமே என்று சொல்லவில்லையா. அதையும் சொல்லித்தான் பார்த்தாராம், தெரியும் மேடம் என்றாளாம் ஜெனி. அதற்கப்புறம் எல்லாரும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

முருகேசனுக்கு இன்னும் ஒப்பவில்லை. ஜெனியால் முடியும், பயந்துவிட்டாள் என்கிறார். பயமா கையா என்று அவரும் கவிதாவும் இப்போதுகூட வாசலில் சண்டை. எனக்கு அவளைத் தெரியும். பயம் இல்லை. அஞ்சு புடவை தூரம் அவளால் எறிய முடியாது, அவ்வளவுதான். இருபதில் ஆறு போனபோதே எனக்குத் தெரியும்.


ஜூலை 18, வெள்ளி

நேற்று புல் வெட்டும் ஆள் வரவில்லை, நானே போய் வெட்டினேன். கையில் முள். சிலுவையில் ஸ்டெல்லா பேருக்குக் கீழே சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது. மேலே வெள்ளை அடித்தேன்.

ஜெனி செலக்‌ஷனுக்குப் போய்விட்டு வந்தாள். செகண்ட் பேஸுக்கு மூன்று பேர் நின்றார்களாம். பேர் வரவில்லை. சரண்யாவுக்கும் வரவில்லை. சாப்பிட்டாள், படித்தாள்.

மெழுகுவத்தி பன்னிரண்டு, சம்பங்கி மாலை ஒன்று, உதிரிப்பூ. நாளைக்கு எனக்குச் சேலை: வெள்ளையில் நீலக் கரை.

சம்பந்தி போன். பூசைக்கு வாறோம், ஜெனியை நல்ல சேலை கட்டி வரச் சொல்லு, சாமியாரைப் பார்க்க வேண்டும் என்று. சரி என்று வைத்துவிட்டேன். சரி என்றுதான் எப்போதும் வாயில் வருகிறது.


ஜூலை 19, சனி

பூசை முடிந்தது. பேர் வாசித்தார்கள். ஸ்டெல்லா மேரி என்பதை ஸ்டெல்லா மாரி என்று வாசித்தார்கள். போகட்டும்.

கல்லறையில் காற்றுக்கு வத்தி நிற்கவில்லை. மாப்பிள்ளை கையைக் குவித்து மறைத்து ஏற்றினார், அணைந்தது, திரும்ப ஏற்றினார்.

அங்கிருந்து நேராகச் சாமியார் அறை வாசலுக்கு வந்தோம். சம்பந்தி முன்னால், மாப்பிள்ளை கடைசியில். அவர் தங்கச்சி, தங்கச்சி புருசன், எங்கள் பக்கம் ஒருத்தரும் இல்லை. ஜெனி சுடிதாரில்தான் வந்திருந்தாள், சம்பந்தி அதை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே யாரோ சாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். செத்த நேரம் நிற்க வேண்டும்.

அந்தச் செத்த நேரத்தில் சொன்னேன். என் வாய்தானா என்று இருந்தது.

“மதினி, ஜெனி உள்ள வர மாட்டா. அன்னைக்குப் பிள்ளய மடியில வச்சது நான். அவ இல்ல.”

சம்பந்தி முதலில் காதில் விழாத மாதிரி இருந்தார். அப்புறம், ஊரறிய வைத்தாயே, சிலுவை போட்டேனே என்றார். ஆமா வைத்தேன், தப்பு என்னுடையது என்றேன். செத்தவள் பிள்ளையை விட இவளுக்குப் பந்து பெரிதாகப் போய்விட்டதோ என்றார். அது இல்லை, பந்தில் அவளை எடுக்கவே இல்லை என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அப்பப் பிள்ளயக் குடுத்துரு. எங்க வீட்டுப் பிள்ள எங்க வீட்ல வளரட்டும்.”

இது வரும் என்று தெரியும். ஒரு வருசமாகத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தேன். பாப்பா என் இடுப்பில் மிச்ச உதிரிப்பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு மாப்பிள்ளய அனுப்புங்க” என்றேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். ஜெனி பாதி வழியில் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி, “எனக்காகவாம்மா?” என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மடியில் வைத்ததை எடுத்தேன் என்றேன். அவளுக்கு அது போதவில்லை போல. எனக்கும்தான்.


ஜூலை 20, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகவில்லை.

பாப்பா சாமான்
– கவுன் 9, ஜட்டி 14, ஸ்வெட்டர் 1
– பால்மாவு ஒன்றரை டப்பா
– கிண்ணம், சின்ன ஸ்பூன்
– தடுப்பூசி அட்டை (முக்கியம்)
– கொலுசு (காலில்)

மாப்பிள்ளை பதினோரு மணிக்குத் தனியாக வந்தார். தண்ணீர் கொடுத்தேன். ஜெனி வெளியே போகவில்லை, இருந்து துணியை மடித்துப் பையில் வைத்தாள். எப்போதும் போல மச்சான் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அவள் முருகேசனைக் கூப்பிடப் போன சமயம் சொன்னார், “என்னையவும் யாரும் கேக்கல அத்தை.” தரையைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கவில்லை. மாசம் ஒரு ஞாயிறு பாப்பாவைக் கூட்டி வருகிறேன் என்றார். அவர் அம்மா விட வேண்டும். வருவார் என்று எழுதி வைக்கிறேன்.

கஞ்சி எப்படி என்று கேட்டார். சொன்னேன். மில் சீட்டுப் பின்னால் எழுதிக்கொண்டார். ராகி மாவு மூன்று ஸ்பூன், முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், கட்டி தட்டக் கூடாது. வெல்லம் கொஞ்சம். ஆறிய பிறகு. பாதி குடித்துத் துப்பினால் பசி இல்லை என்று அர்த்தம் இல்லை, செத்த நேரம் கழித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஒரு வாழைப்பழம், மசித்து. சளி மருந்து இரண்டரை மில்லி. குளிக்க வைத்தால் காதுக்குப் பின்னால் துடைக்க வேண்டும். எல்லாம் எழுதிக்கொண்டார். எழுத்து நல்ல எழுத்து.

முருகேசன் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கு. ஆட்டோ என்றதும் பாப்பா சிரித்தது. கை ஆட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், ஆட்டியது.

இப்போது மணி மூன்று. ஜெனி தூங்குகிறாள்.

இடது தோளில் போட்டால் தூங்காது, வலது தோளில்தான் போட வேண்டும். அதைச் சொல்லவில்லை.